நட்சத்திரத்துக்குள் ஒரு தபால்பெட்டி

எங்கள் வீட்டு அஜிஷாவுக்கு ஒழுங்காக ஒரு கஞ்சி வைக்கத் தெரியாது. ஆனால் நட்சத்திரம் செத்த பிறகு அதன் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று கணக்குப் போடத் தெரியும். இரண்டில் குடும்பத்துக்கு எது உபயோகம் என்று என்னிடம் கேட்காதீர்கள். நான் அவளுடைய அண்ணன் பெண்டாட்டி. அண்ணன் பெண்டாட்டி நாத்தனாரைப் பற்றி நல்லது சொன்னால் ஊர் நம்பாது, கெட்டது சொன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்கும். ஆகையால் இரண்டையும் கலந்துதான் சொல்லப் போகிறேன்.

என் பெயர் ரெனிஷா. பிறந்தது கேரள எல்லையில் களியக்காவிளை, கட்டிக்கொடுத்தது கொட்டாரம். ஜங்ஷன் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில், என் மாமியார் விக்டோரியாவுக்கு நாக்கு நுனியில். நான் வாயைத் திறந்தாலே "இது எல்லைக்கு அங்கோட்டு உள்ள பாசையாக்கும்" என்று கல்யாணமான நாள் முதல் சிரித்துக்கொண்டிருக்கிறார். என் வீட்டுக்காரர் வினோஜ் டெம்போ ஓட்டுகிறார். நானும் மாமியும் சத்தம் போட ஆரம்பித்தால் டீசல் அடித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிடுவார். அதனால் அந்த டெம்போவின் டேங்க் எப்போதும் நிரம்பியே இருக்கும்.

இந்த மூன்று பேருக்கு நடுவில்தான் அஜிஷா சென்னையிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கினாள். ஆராய்ச்சிப் பட்டத்துக்குக் கொடுத்த உதவித்தொகை முடிந்துவிட்டது, ஹாஸ்டலில் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், ஆராய்ச்சி மட்டும் முடியவில்லை. முன்னறையில் நான் ராத்திரி தைக்கிற மிஷின் இருந்த இடத்தில் மேசையைப் போட்டு லேப்டாப்பைத் திறந்து வைத்தாள். எங்கேயோ வடக்கே இருக்கிற பெரிய கம்ப்யூட்டர் அதற்குள் வழியாக இவள் சொன்னதைக் கேட்குமாம். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடும். இவள் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் தலை திரும்பாது. என் மிஷின் அடுக்களைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, தைத்த ஜாக்கெட்டுகளில் எல்லாம் கருவாட்டு வாசனை. எனக்கு வயிறு எரியுமா எரியாதா?

"அப்படி என்னத்தட்டீ பாத்துட்டே இருக்க?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

கேட்டதுதான் தாமதம், உட்கார வைத்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். "மைனி, நம்ம ஊரு கல்யாணத்துல ரெண்டாம் பந்தி பாத்திருக்கியளா?"

பார்க்காமல் என்ன? முதல் பந்தியில் ஆள் எழும்புவதற்கு முன்னாலேயே அடுத்த பந்திக்காரர்கள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிடுவார்கள். சாப்பிடுகிறவன் பாயசத்தில் பழத்தைப் பிசையும்போதே முதுகில் ஒரு முட்டு விழும்.

"அந்தக் கூட்டம் கொறவா இருந்தா அவனவன் குடும்பத்தோட மூணு மூணு பேரா ஒட்டிக்கிட்டு நிப்பான். யாரு யாருக்க ஆளுன்னு சொல்லிரலாம். இன்னும் ஆள உள்ள விட்டு நெருக்குங்க. நெருக்க நெருக்க குடும்பமெல்லாம் கலஞ்சு ஒரே கூட்டமாயிரும். செத்த நட்சத்திரத்துக்க உள்ள அப்படியாக்கும் கெடக்கு. அந்தக் கூட்டத்துல இந்தக் கடைசியில நிக்கவன் ஒரு தள்ளு தள்ளினா, அந்தத் தள்ளு எவ்வளவு சீக்கிரம் அந்தக் கடைசிக்குப் போவும்? தள்ளு போறதுதான் சத்தம். அதுக்க வேகத்தக் கணக்குப் போடுகதாக்கும் எனக்க சோலி."

"செரி, போட்டு முடிக்க வேண்டியதுதானே. எதுக்கு இத்தன வருசம்?"

முடிக்க விடாதாம். உள்ளபடி கணக்குப் போட்டால், இவ்வளவு நெருக்கத்தில் கூட்டலும் கழித்தலும் மலை மலையாக வந்து ஒன்றையொன்று தின்றுவிட்டு, கடைசியில் துளியூண்டு மிஞ்சுமாம். அந்தத் துளியைப் பிடிக்க எத்தனை பெரிய கம்ப்யூட்டர் என்றாலும் போதாதாம். இது எனக்கு உடனே விளங்கிவிட்டது. நானும் மாமியும் ஒரு பகல் முழுக்க வாதாடினால் மிஞ்சுவதும் அவ்வளவுதான்.

அதனால் இவள் என்ன செய்தாள் என்றால், ஒரு பொய் உலகத்தை உண்டாக்கினாள். அசல் பொருளுக்கு மூன்று நிறம் என்று வைத்திருக்கிறார்களாம். நிறம் என்றால் நிறம் இல்லையாம், சும்மா ஒரு பேராம். பேர் வைத்தவனைச் சொல்லவேண்டும். இவள் அதை இரண்டாகக் குறைத்துவிட்டால் கூட்டல் கழித்தல் சண்டை நின்றுபோகும், கணக்கு ஓடும். பட்டில் கத்திரி வைப்பதற்கு முன்னால் பழைய வேட்டியில் வெட்டிப் பார்ப்போமே, அதுபோல. இதைக் கேட்ட பிறகு எனக்கு அவள்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

மாமிக்கு இதொன்றும் தெரியாது. கோயிலில் யார் கேட்டாலும் "எனக்க மவ நட்சத்திரத்துல சோலி பாக்கா" என்பார். ஆனால் வீட்டுக்கு வந்தால் அழுகை. முப்பத்தொரு வயதாகிவிட்டது, கல்யாணமும் இல்லை, சம்பளமும் இல்லை. மாமனார் தாசையன் உயிரோடு இருந்தால் இப்படி விட்டிருப்பாரா என்று மூக்கைச் சிந்துவார். அவர் சவூதியில் தமாமில் ஏசி மெக்கானிக்காகக் கிடந்து, திரும்பி வந்து, வந்த மறு வருஷமே மாரடைப்பில் போய்விட்டார். நான் கல்யாணமாகி வந்தபோது அவர் படமாகத்தான் இருந்தார்.

கடைசியில் மாமி ஒருநாள் குடும்ப ஜெபம் முடிந்த கையோடு தீர்ப்புச் சொல்லிவிட்டார். "கிறிஸ்மஸ் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள உருப்படியா ஒரு ஆராய்ச்சி வேல கெடச்சா போ. இல்லேன்னா ஜங்ஷன் பள்ளிக்கூடத்துல டீச்சர் வேலைக்குப் போவணும், தரகன் கொண்டுவந்த திங்கள்சந்தை மாப்பிளைக்குச் சரின்னு சொல்லணும், இந்தப் பெட்டிய மூடி பரண்ல போடணும். சம்மதமாட்டீ?"

அஜிஷா மேசைமேல் இருந்த லேப்டாப்பைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு "சம்மதம்" என்றாள். அவள் முகத்தைப் பார்த்து எனக்கே என்னவோ போலாகிவிட்டது. அந்தப் பெட்டியை மூடினால் அவளையே மூடுகிற மாதிரிதான்.

மறு ஞாயிறு கோயில் விட்டு வந்ததும் நாங்கள் எல்லாரும் முன்னறையில் இருக்கும்போது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கடைசிக் கணக்கை ஓட விடப் போகிறாளாம். கம்ப்யூட்டர் பகடை உருட்டி உருட்டித்தான் அந்தக் கணக்கைப் போடுமாம். ஒரே ஓட்டத்தை நம்ப முடியாது, தனித்தனியாக நாலு ஓட்டம் வேண்டும், நாலும் ஒத்துவந்தால்தான் விடை நிஜம். ஒவ்வொன்றுக்கும் தொடக்கத்தில் ஒரு எண் கொடுக்கவேண்டும். அதுதான் விதை.

"கம்ப்யூட்டரே ஒரு எண்ண எடுத்துக்கிடும். ஆனா எனக்க சோலி என்னன்னு கேட்டுக்கிட்டே இருக்கியளே, எல்லாரு கையும் இதுல இருக்கட்டும். ஆளுக்கு ஒரு எண் போடுங்க. ஒருத்தருக்கொருத்தர் சொல்லப்பிடாது."

ஏடிஎம் மிஷினில் அடிக்கிற மாதிரி, எண் தெரியாது, புள்ளி புள்ளியாகத்தான் விழும். மாமி ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தார். என் வீட்டுக்காரர் டப்டப்பென்று அடித்தார். நான் கொஞ்சம் யோசித்து அடித்தேன். கடைசியில் அஜிஷா தனக்கும் ஒன்று அடித்துவிட்டு மூடினாள். அத்தனை பேருக்கும் ஒரு சந்தோஷம். மாமி எல்லாருக்கும் பால் ஊற்றாமல் கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தார்.

வாரக்கணக்கில் ஓடியது. நடுவில் வடக்கே கரண்ட் போய் ஒன்று பாதியில் நின்றதாம், ஒன்று கொஞ்சம் நீளமாக ஓடியதாம். ஒருநாள் முன்னறையிலிருந்து ஒரு கூவல். நான் பாம்பு என்று நினைத்து, முற்றம் பெருக்குகிற வாரியலோடு ஓடினேன்.

"மைனி, மேடு! மேடு வந்திருக்கு!"

நெருக்கம் கூடக் கூட சத்தத்தின் வேகம் ஏறி, ஒரு இடத்தில் யாரும் நினைக்காத உயரத்துக்கு எழும்பி, பிறகு இறங்கியது. மற்றவர்கள் கண்டதைவிட இவள் மேடு நல்ல உயரம். அம்மா ஓட்டம், அண்ணன் ஓட்டம், அவள் ஓட்டம் மூன்றும் ஒரே வாயால் சொன்னதுபோல ஒத்து வந்தன. ஒத்து வராதது ஒன்றே ஒன்று. என்னுடையது. அதில் மேடும் இல்லை ஒரு மண்ணும் இல்லை, சப்பென்று கிடந்தது.

"அது வந்தவளுக்க நம்பரில்லா. அதாக்கும் சேரல்ல" என்றார் மாமி.

"அம்மா, சும்மா இரிங்க" என்ற அஜிஷா என்னிடம் திரும்பி, "மைனி, உங்க ஓட்டம் இன்னும் சூடு பிடிக்கல்ல. மொதல் தோச கல்லுல ஒட்டுமில்லா, அது மாதிரி. அதக் கணக்குல எடுக்காண்டாம்" என்றாள்.

எனக்கு வந்தது பாருங்கள் ஆங்காரம். பன்னிரண்டு வருஷம் இந்த வீட்டுக்கு மாவரைத்திருக்கிறேன், நான் முதல் தோசையா? அன்றைக்கு மீன் குழம்பில் உப்புப் போட மறந்துபோனேன். மறந்துதான் போனேன், வேறொன்றும் நினைக்கவேண்டாம்.

அவள் கட்டுரை எழுதி இணையத்தில் ஏற்றினாள். பத்து நாளில் வடக்கே ஒரு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். கம்ப்யூட்டரிலேயே முகம் பார்த்துப் பேசுவது. கட்டுரையைப் படித்தார்களாம், மேட்டைப் பற்றிக் கேட்க வேண்டுமாம். மாமி மெழுகுதிரி ஏற்றினார். ஏற்றிவிட்டு நேரே போய் மத்தியாஸிடம் சொன்னார்.

மத்தியாஸ் ஜங்ஷனில் மைக் செட், ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறவர். திருமணம், திருவிழா, சாவு, சந்தனக்கூடு எதுவானாலும் அவர் குழாய்தான். அஜிஷா சத்தத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள் என்று கேட்டதும் மனிதருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "நம்ம லைனாக்கும்!" என்றார். மறுநாள் காலையில் நான் கடையைத் திறக்கப் போனால் ஜங்ஷனில் ஆளைவிடப் பெரிய ஃப்ளெக்ஸ். 'நட்சத்திரத்துக்குள் ஒலியின் வேகத்தைக் கண்டறிந்த கொட்டாரத்தின் தங்கம் தா. அஜிஷா எம்.எஸ்சி. அவர்களை வாழ்த்துவது: மத்தியாஸ் சவுண்ட்ஸ், லைட்ஸ், ஜெனரேட்டர்.' படம் என் கல்யாண ஆல்பத்திலிருந்து எடுத்தது. பக்கத்தில் நின்ற என்னை வெட்டிவிட்டார்கள். அவள் தோளில் வளையலோடு ஒரு கை மட்டும் தெரியும். அந்தக் கை நான்தான்.

அஜிஷாவுக்கு வெட்கம் தாங்கவில்லை. நம் ஊரில் இது சகஜம்தானே. முதல் நற்கருணைக்கு ஃப்ளெக்ஸ், விசா வந்தால் ஃப்ளெக்ஸ், பிளஸ்டூ பாஸானால் ஃப்ளெக்ஸ். ஆனால் மாமி அன்றைக்கு மூன்று தடவை ஜங்ஷனுக்கு உப்பு வாங்கப் போனார். திங்கள்சந்தை தரகர் போன் பண்ணியபோது "கொஞ்சம் பொறுங்க, பிள்ளைக்கு வேல ஆவப்போவுது" என்று அவர் சொன்ன குரலை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

நேர்முகத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது சென்னைப் பேராசிரியர் போனில் ஒன்று கேட்டார். சராசரியை மட்டும் காட்டினால் போதாது, ஒவ்வொரு ஓட்டமும் தொடக்கத்திலிருந்து அடி அடியாக எப்படிப் போனது என்று நாலு கோடாக வரைந்து வைத்துக்கொள், கேட்பார்கள் என்றார். அஜிஷா வரைந்தாள். நான் அப்போது பக்கத்தில் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன். திரையில் இரண்டே கோடுதான் இருந்தது.

"மத்த ரெண்டு எங்கட்டீ?"

அவள் எல்லாவற்றையும் அழித்தாள். மறுபடி வரைந்தாள். மறுபடி இரண்டு. ஒன்று என்னுடையது. மற்றது மூன்று கோடு, ஒன்றின்மேல் ஒன்றாக நூலிழை பிசகாமல் உட்கார்ந்திருந்தது. ஒன்று நீளம், ஒன்று குட்டை, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த நீளக் குட்டையால்தான் சராசரி கொஞ்சம் கொஞ்சம் மாறி, மூன்று தனி ஓட்டம்போல இவளை ஏமாற்றியிருக்கிறது. ஒரே விதை போட்டால் பகடை முதல் உருட்டிலிருந்து கடைசி உருட்டு வரை ஒரே மாதிரிதான் விழுமாம்.

அவள் எழும்பி நின்று அம்மாவையும் அண்ணனையும் கூப்பிட்டாள். முகம் வெளுத்திருந்தது.

"அன்னைக்கு என்ன நம்பர் போட்டிய?"

மாமி சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டார். "அத எதுக்குச் சொல்லணும்? யாருட்டயும் சொல்லப்பிடாதுன்னு பேங்குல சொல்லியிருக்காவ."

"அம்மா, ஏடிஎம் நம்பரயா போட்டிய?"

"பின்ன எனக்கு வேற என்ன நம்பர் தெரியும்?"

"அண்ணே, நீங்க?"

இவர் கூரையைப் பார்த்தார். "நான் வந்து... போன் பூட்டுக நம்பர்." சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "டெம்போவுக்கு டீசல் அடிக்கணும்" என்று எழும்பினார். "இரிங்க அங்க" என்றேன். உட்கார்ந்துவிட்டார்.

"நான் ஒரு நம்பர் சொல்லுகேன். அதுதான்னா தலைய மட்டும் ஆட்டுங்க, போதும்" என்றாள் அஜிஷா. "மூணு, பூஜ்யம், ஆறு, எட்டு."

இரண்டு தலையும் ஆடியது. அஜிஷா நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நானும் அதத்தான் போட்டேன்" என்றாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன எழவு நம்பர் அது?" என்றேன்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் இவர்தான் சொன்னார். "அப்பாக்க பெட்டி நம்பர். தமாம், தபால்பெட்டி எண் மூவாயிரத்து அறுபத்தெட்டு."

செல்போன் வராத காலம். வாரம் ஒரு கடிதம். மாமி எழுதுவார், பிள்ளைகள் இரண்டும் ஓரத்தில் படம் வரையும், விலாசம் எழுதுவது முறை வைத்து ஆளுக்கு ஒரு வாரம். அந்த எண்ணை எழுதித்தான் அஜிஷா எட்டையும் ஆறையும் படித்திருக்கிறாள். பிறகு அதுவே இவர்களுக்கு சூட்கேஸ் பூட்டு, போன் பூட்டு, பேங்கு எல்லாம் ஆகிவிட்டது. ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டதும் இல்லை. வேறு வீட்டிலிருந்து வந்த நான் ஒருத்திதான் அந்தப் பெட்டிக்குக் கடிதம் போடாதவள். அதனால் என் எண் மட்டும் வேறு. என் ஓட்டம் மட்டும்தான் தனி ஓட்டம்.

நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். முதல் தோசை என்றவள் வாயால் இப்போது என்ன சொல்வாள் என்று கேட்டிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் மாமி, கண்ணீர் விழுவதுகூடத் தெரியாமல், சுவரில் இருந்த மாமனார் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அது அபூர்வம்.

"அப்போ மேடு?" என்று கேட்டார் இவர்.

"நாலு ஓட்டம் இல்ல, ரெண்டே ரெண்டு. ஒண்ணு மேடுங்கு, ஒண்ணு இல்லங்கு. ஒண்ணும் தெரியாதுன்னு அர்த்தம்" என்றாள் அஜிஷா. "அவங்ககிட்ட சொல்லணும். கட்டுரையயும் திருப்பி எடுக்கணும்."

அப்போதுதான் கூச்சலும் பெகளமும் தொடங்கின. கேட்டால் சொல், கேட்காவிட்டால் சும்மா இரு, வேலை கிடைத்த பிறகு மெதுவாகத் திருத்திக்கொள்ளலாம் என்றார் இவர். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு அதையே சொன்னார். "எட்டியே, கிறிஸ்மஸுக்கு என்ன கெடக்கு? சொன்னா வேல போச்சு. வேல போனா நான் சொன்னது சொன்னதாக்கும். திங்கள்சந்தைக்குத் தலையாட்டணும். ஓர்மை இருக்கா?"

"இருக்கும்மா."

"பொறவும் சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

மாமி அவளை அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அடுக்களைக்குள் போய் பாத்திரங்களை அடித்தார்.

நேர்முகம் அன்று நான் கதவுக்கு மறைவில் நின்றேன். திரையில் மூன்று பேர். அவர்கள் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள்ளேயே இவள் ஆரம்பித்துவிட்டாள். இங்கிலீஷ்தான், ஆனால் அந்த இரண்டு கோட்டை வரைந்து காட்டியபோது எனக்கே விளங்கியது. எப்படி மூன்றுக்கும் ஒரே விதை விழுந்தது என்று ஒருவர் கேட்டார். இவள் மறைக்கவில்லை, தபால்பெட்டியைச் சொன்னாள். ஒரு பெண்மணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மற்ற இருவரும் குனிந்து ஏதோ எழுதினார்கள். நன்றி, பிறகு சொல்கிறோம் என்றார்கள். நாலாம் நாள் சொன்னார்கள். வேறு ஆளை எடுத்துவிட்டார்களாம்.

அவள் அழவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நேரே மத்தியாஸ் கடைக்குப் போனாள். இது என்ன கூத்து என்று நானும் பின்னால் போனேன்.

"அண்ணே, அந்த போர்ட எடுக்கணும்."

"எடுக்கவா? திருவிழா வரைக்கும் நிக்கட்டும் பிள்ளே."

"அதுல உள்ளது தப்பு. எடுக்கல்லேன்னா கீழ திருத்தம் போடணும்."

மத்தியாஸ் அவளை மேலும் கீழும் பார்த்தார். "மக்கா, வாழ்த்து போர்டு கேட்டா வைப்பேன். கண்ணீர் அஞ்சலி கேட்டா வைப்பேன். எனக்குத் தப்பு வந்துட்டுன்னு இந்த ஜில்லாவில ஒருத்தனும் போர்டு வச்சதில்ல. எந்த சைஸ்ல அடிக்கதுன்னுகூட எனக்குத் தெரியாது."

"மேல உள்ளது என்ன சைஸோ அதே சைஸ்ல அடிங்க" என்றேன் நான். எனக்கு எங்கிருந்து அந்த வீறாப்பு வந்ததோ.

அடித்தார். 'திருத்தம்: மேலே சொன்னது உறுதியாகவில்லை. கணக்கில் தவறு. மறுபடி போடவேண்டும். தா. அஜிஷா.' ஏணியில் அவளே ஏறிக் கட்டினாள், நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். மறுநாள் பார்த்தால் அடியில் இன்னொரு துண்டு தொங்குகிறது: 'இதற்கும் வாழ்த்துவது: மத்தியாஸ் சவுண்ட்ஸ்.' முதல் போர்டை நின்று படிக்காதவன்கூட இரண்டாவதைப் படித்தான். கன்னியாகுமரி போகிற பஸ் டிரைவர்கள் வேகத்தைக் குறைத்தார்கள். என் கடைக்கு அளவு கொடுக்க வந்த பெண்கள் எல்லாருக்கும் கதை கேட்காமல் ஜாக்கெட் வேண்டாம்.

சென்னைப் பேராசிரியர் கூப்பிட்டார். வேலை தர அவரிடம் வழியில்லை, ஆனால் ஒரு வருஷத்துக்குப் பாதி உதவித்தொகை தேற்ற முடியும், கணக்கை முதலிலிருந்து போடலாம் என்றார். கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றாள் அஜிஷா. கேட்க வேண்டியது யாரிடம் என்று எல்லாருக்கும் தெரியும். கிறிஸ்மஸுக்கு ஒரு வாரம்கூட இல்லை. மாட்டுவதற்கு வாங்கிய காகித நட்சத்திரம் மடித்தபடி மேசையில் கிடந்தது. தரகரை அன்று சாயங்காலம் வரச் சொல்லியிருந்தார் மாமி.

மாமி முந்திரிக்கொத்துக்கு வெல்லம் உருக்கிக்கொண்டிருந்தார். அஜிஷா போய் நின்றாள். லேப்டாப்பை மூடி மார்போடு பிடித்திருந்தாள், பரணில் வைக்கத்தான் கொண்டுவந்தாள். வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான் அவளுக்கு. இவள் கல்யாணமாகிப் போனால் எனக்குச் சண்டை போட ஆள் இல்லாமல் போகும் என்று நினைத்ததும் தாங்கவில்லை.

மாமி கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டார். "இனியும் போட்டா எத்தன நாளாவும்?"

"ஒரு வருசம் ஆவும்மா. பொறவும் மேடு இருக்கும்னு சொல்ல முடியாது."

மாமி பாகைக் கிண்டினார். நான் தரகருக்கு என்ன பலகாரம் வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான் முடிந்தது என்று நினைத்து.

"என்னயக் கெட்டி ஒரு மாசத்துல தமாமுக்குப் போனாரு உங்கப்பன்" என்றார் மாமி. "அந்தப் பெட்டிக்குக் கடுதாசி போட்டுட்டுப் பதினேழு வருசம் இருந்திருக்கேன். எழுதுகதும் காத்துக் கெடக்கதுமாக்கும் எனக்க சோலி. ஒனக்கு ஒரு வருசம் காத்துக் கெடக்க மாட்டேனாட்டீ?" பிறகு என்னைப் பார்த்துக் கத்தினார். "ஏ ரெனிஷா, என்ன வாய் பாத்துட்டு நிக்க? அந்தத் தரகனுக்குப் போனப் போட்டு வராண்டாம்னு சொல்லு. பெட்டப்பிள்ளைக்குச் சோலி கெடக்குன்னு சொல்லு!"

சொன்னேன். எல்லைக்கு அங்கோட்டு உள்ள பாஷையில், நன்றாக விளங்கும்படி சொன்னேன்.

கிறிஸ்மஸ் கழிந்த ஞாயிறு மறுபடி முன்னறையில் கூடினோம். இந்தத் தடவை விதைகளைக் கம்ப்யூட்டரே எடுக்கும், உங்கள் யார் கையும் வேண்டாம் என்று அஜிஷா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். என்னுடையதை மட்டும் அப்படியே தொடர்ந்து ஓட விடுவாளாம். "மைனிக்க நம்பர்தான் நம்ம வீட்டுல ஒரே ஒழுங்கான நம்பர்" என்றாள். மாமி கேட்காததுபோல இருந்தார்.

"அது என்ன நம்பர்?" என்று இவர் என்னிடம் கேட்டார். எங்கள் கல்யாணத் தேதி. அந்த வீட்டில் வேறு யாரும் தப்பித்தவறிக்கூட அடிக்க முடியாத எண் அதுதான் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். நான் சொல்லவில்லை. அடுத்த மாதம் அந்தத் தேதி வரும், பார்த்துக்கொள்ளலாம்.

அப்போது மாமி மெதுவாகக் கேட்டார். "அவருக்க நம்பர் இனி வேண்டாமா?"

அஜிஷா அம்மாவைப் பார்த்தாள். பிறகு லேப்டாப்பைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள். "ஒரு ஓட்டத்துக்குப் போடலாம்மா. ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும். அதுல தப்பில்ல."

மாமி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். ஒற்றை விரலால் ஒவ்வொன்றாகத் தேடி அடித்தார். இந்தத் தடவை மறைக்கவில்லை, எண் திரையில் தெரிந்தது. அடித்து முடித்து, விரலை எடுக்காமலே கேட்டார்.

"இது போய்ச் சேர எத்தன நாளாவும்?"